நீலாவதியின் ஆபரேஷன் ஃபைல்

பிப்ரவரியில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, நீலாவதி யாரோ ஒருவருடைய பயணப்படி பில்லில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். பேனா கடைசி எழுத்திலிருந்து வழுக்கி, பக்கத்தின் அடிவரை ஒரு கோடு இழுத்துவிட்டு நின்றது. எதிர் மேஜைக்காரர் இருமி எழுப்பினார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. பாலிகஞ்சில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் பில் பிரிவில் இருபத்திரண்டு வருட சர்வீஸ். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வங்காளத்துக்கு வந்தவள். கணவன் சிவலிங்கத்துக்குத் துறைமுகத்தில் வேலை. லேக் மார்க்கெட் பக்கம் மூன்றாவது மாடியில் வீடு, லிஃப்ட் கிடையாது. எடை நூற்று நான்கு கிலோ. ஏரியைச் சுற்றி நடை, ராத்திரிக்கு வெறும் பப்பாளி, யாரோ சொன்ன பொடி, இன்னொருவர் சொன்ன கஷாயம் எல்லாம் பார்த்தாயிற்று. மூன்று கிலோ குறையும், ஐந்து கிலோ ஏறும்.

தூக்க டாக்டர் ஒரு ராத்திரி முழுக்க மூக்கிலும் விரலிலும் கருவியை மாட்டிவிட்டு, மறுநாள் தாளைப் பார்த்துச் சொன்னார்: தூக்கத்தில் மணிக்கு முப்பத்தெட்டு தடவை அவளுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது. அதனால்தான் பகலில் கண் சொருகுகிறது. எடை குறைந்தாக வேண்டும். இந்த நிலையில் இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன்தான் வழி.

ஆபீஸ் இன்ஷூரன்ஸில் அதற்கென்றே ஒரு திட்டம் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனதும் கத்தியை எடுத்துவிட மாட்டார்கள். ஆறு மாதம் டயட்டீஷியன் மேற்பார்வையில் இருக்க வேண்டும். மாதாமாதம் எடையைப் பதிய வேண்டும். மனநல நிபுணரிடமும் இதய நிபுணரிடமும் சான்று வாங்க வேண்டும். இதையெல்லாம் ஆஸ்பத்திரியின் இன்ஷூரன்ஸ் மேஜையிலிருந்த நரேன்பாபு விளக்கினார். எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "ஹோயே ஜாபே, தீதி." ஆகிவிடும், அக்கா என்று அர்த்தம். எப்போது ஆகும் என்பது அதில் இல்லை.

டயட்டீஷியன் பூர்ணிமா சின்னப் பெண். அச்சடித்த தாளைச் சிரித்துக்கொண்டே நீட்டினாள். மத்தியானம் ரூய் மீன் ஒரு துண்டு, ராத்திரி கோழி சூப்.

"நான் சைவம்மா," என்றாள் நீலாவதி வங்காள மொழியில்.

"மீனுமா கிடையாது?"

"மீனும் கிடையாது."

"முட்டை?"

"முட்டையும் கிடையாது."

பூர்ணிமா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அவள் கண் கேட்டது: பின்னே இந்த உடம்பு எப்படி வந்தது? கடைசியில் மீனை அடித்துவிட்டு அதே இடத்தில் பன்னீர் என்று எழுதினாள், கோழியை அடித்துவிட்டுச் சுரைக்காய் என்று எழுதினாள். ஆறு மாதத்துக்கு அதுதான் சாப்பாடு.

மனநல நிபுணர் இன்னும் மோசம். "மனசு சரியில்லாத நேரத்தில் அதிகம் சாப்பிடுவீர்களா?" என்று மெல்லிய குரலில் கேட்டார்.

"மனசு நல்லா இருந்தாலும் சாப்பிடுவேன்."

"சின்ன வயதில் உணவு சம்பந்தமாக ஏதாவது வருத்தமான நினைவு?"

"இல்லை. நல்ல சாப்பாடுதான் போட்டார்கள்."

அவர் நெடுநேரம் எழுதினார். சான்று தர மூன்று சிட்டிங் வேண்டும் என்றார். மூன்று சனிக்கிழமைகள் போயின.

அதோடு பெயர்த் தகராறு. இன்ஷூரன்ஸ் அட்டையில் அவள் நீலாவதி. ஆஸ்பத்திரியில் பதிவு செய்த பையனுக்கு நாக்கில் 'வ' வராது, ஆகவே தன் வாயில் வந்தபடி நீலாபதி என்று அடித்துவிட்டான். ஒவ்வொரு ரிப்போர்ட்டும் நீலாபதி பெயரில் வந்து சேர்ந்தது. திருத்தச் சொன்னால், கம்ப்யூட்டரில் ஏறியது ஏறியதுதான் என்றார்கள். நீலாவதியும் நீலாபதியும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆனாலும் விடவில்லை. பில் பிரிவில் பிறந்தநாள் கேக் வெட்டினால் எழுந்து கழிப்பறைக்குப் போய்விடுவாள். ஒருநாள்கூடத் தவறாமல் சுரைக்காயும் பன்னீரும் தின்றாள். ஆகஸ்ட் கடைசியில் எடை தொண்ணூற்றைந்து. ஒன்பது கிலோ! பூர்ணிமா எழுந்து கைகொடுத்தாள். ஃபைல் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போயிற்று.

பத்து நாளில் பதில் வந்தது. நிராகரிப்பு.

நீலாவதி நேரே நரேன்பாபுவின் மேஜைக்குப் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "உயரத்தையும் எடையையும் வைத்து ஒரு கணக்கு இருக்கு, தீதி, பி.எம்.ஐ. அது நாற்பதுக்கு மேல் இருந்தால்தான் ஆபரேஷன். நீங்கள் வந்தபோது நாற்பத்திரண்டு. இப்போது முப்பத்தெட்டரைதான்."

"ஏன் குறைந்தது?"

"நீங்கள் எடை குறைத்துவிட்டீர்களே."

"குறைக்கச் சொன்னது யார்?"

நரேன்பாபு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள். பதினைந்து நாள் நன்றாகச் சாப்பிடுங்கள். நாலு கிலோ ஏறினால் போதும். ஹோயே ஜாபே."

நீலாவதி எழுந்தாள். வெளியே வந்தவள், ஆட்டோவில் ஏறி கரியாஹாட் கடைத்தெருவில் இறங்கி, கண்ணில் பட்ட முதல் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நின்றாள். பேகுனி ஒன்று கேட்டாள். கத்திரிக்காயைக் கடலைமாவில் தோய்த்துப் பொரித்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு வாய்க்குள் எண்ணெய் படுகிறது. ருசியாக இருந்தது. அந்த ருசிதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. பாதியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் மகள் மதுவந்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மா, நாலு கிலோதானே? நான் டெய்லி ரொஷோகொல்லா வாங்கிட்டு வரேன். துர்கா பூஜாவும் வருது, ஈஸிமா."

"வாய மூடுட்டி."

சிவலிங்கம் பேப்பரை மடித்து வைத்தார். "போதும் நீலா. விட்டுரு. உடம்ப அறுத்துக்கிடத்தான் எழுதி வச்சிருக்கா? ஒம்போது கிலோ குறைஞ்சிருக்குல்லா, அது போதாதா?"

"விட்டுரவா? ஆறு மாசமா அவிச்ச சுரைக்காயத் தின்னுருக்கேன். பைத்தியமா இல்லையான்னு மூணு வாரம் கேட்டான் ஒருத்தன். எம் பேரு எம் பேருதான்னு சத்தியம் பண்ணியாச்சு. இப்பம் விட்டுரச் சொல்லுதியளா?"

"பின்ன என்ன செய்யச் சொல்லுத?"

"அந்தப் புஸ்தகத்த எடுங்க."

பாலிசிப் புத்தகம் எண்பத்து நாலு பக்கம். நீலாவதிக்கு இது பழகிய வேலை. அடிக்குறிப்புகளை முதலில் படிப்பாள், அப்புறம்தான் மேலே உள்ளதை. சாப்பாட்டு மேஜையில் ஸ்கேலை வைத்து வரிவரியாக இறங்கினாள். அறுபத்தோராம் பக்கத்தில் ஸ்கேல் நின்றது. எடைக் கணக்கு முப்பத்தைந்துக்கு மேல் இருந்து, கூடவே தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய் கடுமையாக இருந்தாலும் ஆபரேஷன் உண்டு. அவளுடைய தூக்க ரிப்போர்ட் முதலிலிருந்தே ஃபைலில்தான் இருக்கிறது. நரேன்பாபு நிரப்பிய படிவத்தில் 'நாற்பதுக்கு மேல்' என்ற கட்டத்தில் மட்டும் டிக் அடித்திருந்தார், அதற்கு அடுத்த கட்டத்தை அவர் பார்க்கவே இல்லை.

மறுநாள் புதுப் படிவத்தைத் தானே நிரப்பி, பக்கத்தையும் பத்தியையும் குறிப்பிட்டுக் கடிதமும் எழுதி, நரேன்பாபுவை உட்கார வைத்து அனுப்பச் செய்தாள். எட்டு நாள் கழித்து ஒரு கேள்வி வந்தது. ரிப்போர்ட்டில் முப்பத்தெட்டு என்று எண் இருக்கிறது, 'கடுமை' என்ற சொல் இல்லை. தெளிவுபடுத்தவும்.

தூக்க டாக்டர் டார்ஜிலிங் போயிருந்தார். ஐந்து நாள் காத்திருந்து, அவர் திரும்பி வந்த அன்றே சாயங்காலம் அவருடைய சேம்பரில் போய் உட்கார்ந்தாள்.

"முப்பதுக்கு மேல் போனாலே கடுமைதான்," என்றார் டாக்டர் எரிச்சலாக. "முதல் வருட மாணவனுக்குக்கூடத் தெரியும்."

"கம்பெனிக்குத் தெரியவில்லையே, டாக்டர். எழுதிக் கொடுங்கள்."

"டைப் அடிக்கிறவர் போய்விட்டார். நாளைக்கு வாருங்கள்."

"கையால் எழுதுங்கள். ஒரு வார்த்தைதான்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண் எழுந்திருக்கப் போவதில்லை என்பது அவருக்கு விளங்கியது. எழுதினார். சீல் எங்கே என்று அவர் தேடுவதற்குள், இழுப்பறைக்குப் பக்கத்திலிருந்த சீலை நீலாவதியே எடுத்து, மையில் அழுத்தி, அவர் கையில் கொடுத்தாள்.

மஹாளயா முடிந்த மூன்றாம் நாள் அனுமதி வந்தது. பதினைந்து நாளைக்குத்தான் செல்லும். ஆபரேஷன் லட்சுமி பூஜைக்கு மறுநாளைக்கு மறுநாள். அதற்கு முன் இரண்டு வாரம் நீராகாரம் மட்டும், ஈரல் சுருங்க வேண்டுமாம். அந்த இரண்டு வாரத்துக்குள் துர்கா பூஜை முழுவதும் வந்து விழுந்தது.

தெருவே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நீலாவதி வடிகட்டிய பருப்புத் தண்ணீரும் மோரும், சுண்ணாம்பைக் கரைத்தது போலிருந்த புரோட்டீன் பொடியும் குடித்துக்கொண்டிருந்தாள். அஷ்டமியன்று எதிர்வீட்டு மஹிமா பௌதி, அதாவது மஹிமா அண்ணி, பந்தலிலிருந்து துர்கைக்குப் படைத்த போக் கொண்டுவந்தாள். இலைத்தட்டில் கிச்சுரி என்ற பருப்புச் சாதம், மேலே நெய் மணம்.

"ஒரு வாய் மட்டும், நீலா. அம்மாவின் பிரசாதம், வேண்டாம் என்று சொல்லக் கூடாது."

இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, சிவலிங்கத்திடம் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாள். பசியால் அல்ல. வருடத்தில் இத்தனை வாரம் இருக்க, இந்த வாரத்தை எடுத்துத் தன் தலையில் வைத்தவர்கள் யார், அவர்கள் இப்போது என்ன தின்றுகொண்டிருப்பார்கள் என்று நினைத்து அழுதாள். பிறகு முகம் கழுவி, மோரில் உப்புப் போட்டுக் குடித்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மருந்து அளக்கும் சின்னக் கிண்ணத்தில் முப்பது மில்லி தண்ணீர் கொடுத்தார்கள். அதைக் குடிக்க அவளுக்குப் பதினைந்து நிமிஷம் பிடித்தது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பன்னிரண்டுக்குப் புடவை மாற்றி, பையைக் கட்டி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி பில்லுக்குக் கம்பெனியின் கடைசி அனுமதி வரவில்லை.

இரண்டு மணிக்கு சிவலிங்கம் மதுவந்தியைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டுக் கீழே போய் விசாரித்துவிட்டு வந்தார். "சர்வர் வேலை செய்யலையாம்."

நாலு மணிக்கு மறுபடி போனார். "மேலதிகாரி பாக்கணுமாம்."

"எந்த மேலதிகாரி? எங்க இருக்கான்?"

"மும்பையிலயாம். ஏட்டி, கத்தாத, தையல் பிரிஞ்சுரப் போவுது."

"நான் எங்க கத்துதேன்? கேக்கேன். நீங்க கேக்க மாட்டிய, நான்தான் கேக்கணும்."

ஆறரைக்கு அனுமதி வந்தது. நரேன்பாபு தாள்களோடு மேலே ஏறி வந்து, "சொன்னேனே தீதி!" என்று சிரித்தார். நீலாவதி பேனாவை வாங்கி, அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். டாக்சியில் ஏறியதும் இருக்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "வீட்டுக்குப் போனதும் யாரும் எங்கிட்ட ஒரு வார்த்த பேசப்படாது," என்றாள். மகளும் புருஷனும் சரி என்று தலையாட்டினார்கள்.