அலுமினிய டேங்க்கும் சோப்புத் தண்ணீரும்

என் கொழுந்தன் ஒரு படகு வாங்கினான். அதிலிருந்துதான் எங்கள் வீட்டில் சண்டை ஆரம்பித்தது. படகுக்குப் பெட்ரோல் டேங்க்கைப் பிளாஸ்டிக்கில் வாங்குவதா, அலுமினியத்தில் செய்வதா? இதுதான் சண்டை. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு இன்றைக்கும் வராது.

கொழுந்தனுக்குத் தொட்டியம் பக்கம், காவிரி நடுவில் ஒரு திட்டில் வாழைத்தோட்டம். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் தோட்டத்துக்குப் போகப் படகை விட்டால் வேறு வழி கிடையாது. இத்தனை வருஷமாகத் துடுப்பு போட்டவன், தோள்பட்டை வலி தாங்காமல் நாகப்பட்டினம் பக்கம் போய்ப் பழைய ஃபைபர் படகு ஒன்றும், பின்னால் மாட்டுகிற சின்ன எஞ்சின் ஒன்றும் வாங்கி வந்தான். எஞ்சினோடு வந்த பிளாஸ்டிக் டேங்க் வெயிலில் கிடந்து விரிசல் விட்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, இதே மாதிரி புதுசா ஒண்ணு வாங்கிடவா?"

என் வீட்டுக்காரர் அந்த விரிசலைத் தடவிப் பார்த்தார். "பிளாஸ்டிக் எல்லாம் வேணாம்டா. அலுமினியத்துல நானே வெல்டிங் பத்த வச்சுத் தரேன்" என்றார்.

நானும் கொழுந்தனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தடவிய அந்த வலது கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

அவர் திருவெறும்பூர் பக்கம் பாய்லர் செய்கிற தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கை நுழையாத இடுக்கில் பற்றவைக்க வேண்டுமென்றால் இவரைத்தான் கூப்பிடுவார்களாம். ரிட்டயர் ஆனதும் கட்டைவிரல் தானாக ஆட ஆரம்பித்தது. புத்தூர் டாக்டர் நடுக்குவாதம் என்றார். இது குணமாகாது, மாத்திரை போட்டால் கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான் என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் அந்த நோயின் பேரைச் சொல்லக் கூடாது. காபியை டம்ளர் நிறைய ஊற்றக் கூடாது. முக்கியமாக, அவர் சட்டை பட்டனில் யாரும் கை வைக்கக் கூடாது. காலையில் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டு ஒவ்வொரு பட்டனாகத் துழாவுவார். வாசலில் ஆட்டோ நின்று ஹாரன் அடிக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் கையை நீட்டிவிட்டேன். "விடுடி!" என்று ஒரு கத்து கத்தினார் பாருங்கள், பக்கத்து வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள்.

அப்படிப்பட்ட மனுஷன் அலுமினியத்தைப் பற்றவைக்கிறேன் என்கிறார். இரும்பாவது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், அலுமினியத்தில் கை ஒரு நொடி தயங்கினால் ஓட்டை விழுந்துவிடும் என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். 'இந்தக் கையை வச்சுக்கிட்டா?' என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். கையைப் பற்றிப் பேச முடியாததால் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசினேன்.

"பிளாஸ்டிக்னா கனமில்லைங்க. உள்ள எவ்வளவு பெட்ரோல் இருக்குன்னு வெளியிலேருந்தே தெரியும். ஈரத்துல அரிக்காது. கெட்டுப்போனா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கலாம்."

"வெயில்ல கிடந்தா என்னாகும்னு இந்தா பாரு. அதுவும் இல்லாம டேங்க் வைக்கிற முன்பலகைக்கு அடியில இடம் சரிவா இருக்கு. கடையில விக்கிறது எதுவும் அங்க உக்காராது. அலுமினியம்னா இடத்துக்கு ஏத்த மாதிரி வெட்டிக்கலாம்."

கொழுந்தன் பாவம், செல்போனில் படித்ததை மெல்ல எடுத்துவிட்டான். "எஞ்சின் அதிர்வுல அலுமினியம் மூட்டு விரியும்னு போட்டிருக்குண்ணே."

"மூட்டு விரியுறதும் விரியாததும் பத்த வைக்கிறவன் கையில இருக்குடா."

பிளாஸ்டிக் என்று ஒரு வார்த்தை ஒப்புக்கொண்டால், கை போய்விட்டது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அவருக்கு. அது எனக்கும் தெரியும், கொழுந்தனுக்கும் தெரியும். "சரிண்ணே, நீயே செஞ்சு குடு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அரியமங்கலத்தில் அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் சின்ன பட்டறை வைத்திருக்கிறார். அங்கேதான் செய்தார். தகட்டைப் பட்டறை ஆட்கள் வெட்டிக் கொடுத்தார்கள். இவர் மாத்திரை போட்டுக்கொண்டு, நடுக்கம் கொஞ்சம் அடங்கும் வரை காத்திருந்து, முழங்கையை மேஜையில் அழுத்தி, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பற்றவைப்பார். நான் வாசலில் ஸ்டூல் போட்டு, வெளிச்சத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருப்பேன். சத்தம் விட்டு விட்டு வரும். சத்தம் நிற்கும்போதெல்லாம் எனக்கு உயிரே நின்று போகும்.

பட்டறைக்காரர் என்னிடம் வந்து, "ஏம்மா, நம்ம ஆளுங்கள விட்டு முடிச்சிட்டு, அவரு செஞ்சதுன்னு சொல்லிடலாமா?" என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார்.

"வேணாங்க. பத்த வச்ச கோட்டைப் பார்த்தாலே யாரு கைன்னு சொல்லிடுவாரு. அப்புறம் அவரை நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியாது" என்றேன்.

முடிந்ததும் டேங்க்கை ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். கொல்லைப்புறத்தில் வைத்து, துளைகளை அடைத்து, சைக்கிள் பம்பால் லேசாகக் காற்று அடித்தார். பிறகு சோப்புத் தண்ணீர் மக்கையும் பிரஷ்ஷையும் என் கையில் கொடுத்தார். "பத்த வச்சவனே பார்த்துப் பாஸ் போடக் கூடாது. எங்க வேலையில அதான் வழக்கம். மூட்டு முழுக்கத் தடவிப் பாரு. காத்து கசிஞ்சா சோப்பு முட்டை கிளம்பும், கிளம்புதான்னு சொல்லு."

எனக்கா இந்த உத்தியோகம்! தடவினேன். ஒரு மூலையில் குபுகுபுவென்று கிளம்பியது. சொன்னேன். மறுபடி அரியமங்கலம் போய் அதை அடைத்தார். அடைத்த சூட்டில் பக்கத்தில் இன்னொன்று விட்டது. மறுபடி போனார். இதற்குள் கொழுந்தன் போன் செய்துவிட்டான். "தண்ணி மாயனூர் வந்துடுச்சுண்ணே, அடுத்தது இங்கதான். டேங்க் ஆயிடுச்சா?"

"நாளைக்கு வந்து எடுத்துக்கடா" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் கடைசியாக ஒருமுறை தடவினேன். எல்லா மூட்டும் சும்மா இருந்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அம்மா ரங்கநாயகி, போதும் தாயே என்று எழுந்திருக்கப் போனேன். அப்போதுதான் அந்த மூலையில், கடுகு அளவுக்கு ஒரு முட்டை தலைகாட்டியது. மெதுவாகப் பெருத்தது. உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று வந்தது.

அவர் கொஞ்சம் தள்ளி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். "என்ன?" என்றார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவருக்கு அது அமிர்தம். ஆனால் கொழுந்தன் அந்தப் படகில் தனியாகப் போகமாட்டான். பெண்டாட்டியையும் வாழைத்தார் வெட்டுகிற ஆட்களையும் ஏற்றிக்கொண்டு, வெற்றிலை வாயும் பீடி நெருப்புமாக நடு ஆற்றில் போவான். பாவி, எந்தப் பக்கம் சொன்னாலும் நான்தானே சொல்ல வேண்டும்.

"வருதுங்க" என்றேன்.

"நல்லாப் பார்த்தியா?"

"பார்த்தேங்க."

அவர் வந்து குனிந்து பார்க்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். உள்ளே போய்ப் போனை எடுத்தார். "பிளாஸ்டிக்கே வாங்கிக்கடா" என்றார். அந்தப் பக்கம் அவன் என்ன கேட்டானோ, "முன்னாடி உக்காரலைன்னா நடுவுல வச்சுக் கட்டிக்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றைக்குப் பிளாஸ்டிக், பிளாஸ்டிக் என்று வாதாடியவள் நான். நான் கேட்டதுதான் நடந்தது. கொல்லையில் உட்கார்ந்து, சோப்புக் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலையில் புத்தூர் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவர் ஜன்னல் பக்கம் போகவில்லை. சட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திறந்தபடியே அடுப்படிக்கு வந்து என் எதிரில் நின்றார்.

"போட்டு விடு" என்றார்.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மேல் பட்டனிலிருந்து போட ஆரம்பித்தேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.