மோட்டார் கெட்டால்தான் வருவார்

கேடயக் கடை வைத்திருப்பவனுக்கு ஊரில் உள்ள பெரிய மனிதர்களையெல்லாம் தெரியும் என்று ஒரு பேச்சு உண்டு. எங்களுக்குத் தெரிவது அவர்கள் பெயரில் எத்தனை எழுத்து என்பது மட்டும்தான். பெயர் பொறித்துப் பிழைக்கும் சக பாவிகளே, போன மாதம் திருமுல்லைவாயிலில் என் கடையில் நடந்ததைக் கேளுங்கள்.

பெயர் இல்லாத ஆர்டர்

முதலில் வந்தவர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர். ஐ.டி. வேலை, சொந்த ஊர் மதுரைப் பக்கம். தண்ணீர் மோட்டார் நின்றுபோனால் எந்த நேரம் கூப்பிட்டாலும் வந்து சரிசெய்து தருகிற பெரியவருக்குப் பாராட்டு விழாவாம், ஞாயிறு காலை பத்து மணிக்கு. விஷயத்தைச் சொன்னால் வரமாட்டார் என்பதால், மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டு மேடையில் ஏற்றிவிடுவதாகத் திட்டம். பெயர் கேட்டேன். செல்போனைத் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மோட்டார் அங்கிள்னுதான் சார் சேவ் பண்ணியிருக்கேன். அப்படியே போட்டுருங்க."

மரியாதை

மறுநாள் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஓர் அம்மாள். மகனுக்குத் தொழிற்சாலையில் வேலை. கணவர் ராணுவத்தில் இருந்து இறந்தவர். குடும்பப் பென்ஷனுக்கான காகிதங்களை எழுதிக் கொடுத்து, ஆபீஸ் ஆபீஸாகக் கூடவே வந்து நின்ற ஒருவருக்கு, அப்படிப் பென்ஷன் கிடைத்த பெண்களெல்லாம் சேர்ந்து கேடயம் கொடுக்கிறார்கள். இவர்களுக்கும் ஞாயிறு பத்து மணி. இவர்களும் சொல்லப்போவதில்லை, ஹாலில் ஃபேன் சுற்றவில்லை என்று கூப்பிடுவார்களாம். இந்த ஞாயிற்றுக்கிழமை நல்லவர்களுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்துக்கொண்டே பெயர் கேட்டேன். அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஹவில்தார் சார்னு போடுங்க தம்பி. அவங்களப் போயி பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களா?"

எங்காளு

மூன்றாவதாக ஆட்டோ ஸ்டாண்டு தலைவர். மழை வெள்ளத்தில் அவர்கள் தெரு மூழ்கியபோது, சொந்தப் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்து வீடு வீடாகத் தண்ணீர் இறைத்தவருக்கு ஒரு கேடயம். அதே ஞாயிறு, அதே பத்து மணி. பம்பு அடைத்துக்கொண்டது என்று கூப்பிடுவார்கள். இவருக்காவது பெயர் தெரிந்திருந்தது: ஏழுமலை. பட்டாளத்திலிருந்து வந்து மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர் என்றதும் எனக்குத் தலை சுற்றியது. என் பொறிக்கும் மெஷினையே அவர்தான் பார்க்கிறார். இத்தனை வருஷமாக நான் அவரை 'காயில் கடைக்காரர்' என்றே சொல்லி வந்திருக்கிறேன்.

மூன்று மேடை, ஒரே ஆள், ஒரே பத்து மணி. இரண்டு இடத்தில் காலி நாற்காலிக்குத்தான் மாலை. தலைவரிடம் சொன்னேன், மற்ற இருவருக்கும் போன் போட்டேன். ஒருவரும் நம்பவில்லை, மூவர் பதிலும் ஒன்றுதான். தலைவர் வாயிலேயே கேளுங்கள்:

"அது வேற யார்னா இருக்கும் நைனா. எங்காளு எங்களுக்கே ஓடிகினு கீறாரு, மத்தவங்களுக்குச் செய்ய அவருக்கு ஏது டைம்?"

ஞாயிறு காலை

மூன்றாவது கேடயத்தில் 'ஏழு' வரை பொறித்ததும் என் மெஷின் நின்றுவிட்டது. பதற்றத்தில் யோசிக்கவே இல்லை, கை தானாக அவரைக் கூப்பிட்டுவிட்டது. கால் மணி நேரத்தில் பையோடு வந்து மெஷினைப் பிரித்துப் போட்டார். ஒன்பதே முக்காலுக்கு அவர் போன் அடித்தது. அடுத்தடுத்து மூன்று முறை. மூன்று பேரிடமும் "வரேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, மூன்றும் ஒரே நேரத்தில் எப்படிக் கெடும் என்று கேட்டார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வைத்திருந்த மூன்று கேடயங்களையும் மாறி மாறிப் பார்த்தார். தன்னை எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்பதே அவருக்கு விளங்கவில்லை. "அப்ப எதுவுமே கெடலியா? பின்ன நான் எதுக்குப்பா போகணும்?" என்றார். "காத்துகினு இருக்காங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன். மெஷினை ஓடவிட்டு, நான் மீதிப் பெயரைப் பொறித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"சரி, ஒவ்வொரு எடமா போயி எல்லாம் நல்லா ஓடுதான்னு ஒருவாட்டி பாத்துட்டு வந்துடறேன். அந்தக் கேடயமெல்லாம் நீயே தூக்கிகினு வா."

ஊரே கூடி அவரை வரவழைக்கப் பொய்யாக மூன்றைக் கெடுத்துப் பார்த்தது; ஆனால் நிஜமாகவே கெட்ட என் மெஷின்தான் அவரை முதலில் கூட்டிவந்தது.