மடிக்கொடியில் ஒரு மலை

"என்னடீ காபி இது, மூணாம் டிகாக்‌ஷனா?" என்று என் அண்ணா சாரங்கபாணி ஒரு நாள் மத்தியானம் கேட்டான். அவன் குடித்தது காபி இல்லை. மன்னி படத்துக்குக் கலர் கலந்து மேஜைமேல் டம்ளரில் வைத்திருந்த பழுப்புத் தண்ணீர். உதட்டில் படாமல் டம்ளரை உயரத் தூக்கிக் குடிக்கிற வம்சம் எங்களுடையது. ருசி தெரிவதற்குள் பாதி உள்ளே போய்விடும். மன்னி பதறிக்கொண்டு ஓடிவந்து, "ஐயோ, அது மலையடிவாரத்துக்குக் கலந்த கலர்னா!" என்றாள். அண்ணா மீதியைக் கீழே வைத்துவிட்டு, "சர்க்கரையும் போதலை" என்றான்.

நான் மாதவி. சித்தூரில் ஒரு வங்கியில் வேலை. லீவு கிடைத்தால் திருப்பதிக்கு, அண்ணா வீட்டுக்கு, பஸ் ஏறிவிடுவேன். அண்ணா கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறவன். பாசுரத்தில் ஓர் எழுத்து பிசகினால் தூக்கத்தில்கூடத் திருத்துவான். கட்டின மனைவி என்ன புடவை கட்டியிருக்கிறாள் என்று கேட்டால் விழிப்பான். மன்னி பூமா எட்டு ஊர் வேலையை ஒருத்தியாகச் செய்கிறவள். திருப்பதியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு உறவுக்குப் பஞ்சமே கிடையாது. "பெருமாள் சேவைக்கு வந்தோம், அப்படியே உங்களையும் பார்த்துட்டுப் போலாம்னு" என்று பெட்டியோடு வந்து நிற்பார்கள். அப்படியே பார்த்துவிட்டுப் போனவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. மூன்று வேளை தளிகை, சுடுதண்ணீர், திரும்பிப் போகும்போது கையில் புளியோதரைப் பொட்டலம், எல்லாம் மன்னி கணக்கு.

இதற்கு நடுவில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஒரு மணி நேரம் அவளுடையது. பெண் ஸ்ரீப்ரியா பள்ளிக்கூடத்தில் பாதியில் விட்ட வாட்டர்கலர் டப்பாவை வீணாக்கக்கூடாது என்றுதான் ஆரம்பித்தாள். டப்பா தீர்ந்தது, ஆசை தீரவில்லை. பழைய இட்லித் தட்டின் குழிகளில் கலர் கலப்பாள். நல்ல கெட்டிக் காகிதம் வாங்கி, போன வருஷப் பஞ்சாங்கங்களுக்கு நடுவில் ஒளித்து வைப்பாள். போன வருஷப் பஞ்சாங்கத்தை எவன் புரட்டப் போகிறான்?

வாட்டர்கலரில் ஒரு வம்பு உண்டு. ஆகாயம் என்றால் மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக, ஈரம் காய்வதற்குள் பூசி முடிக்க வேண்டும். நடுவில் எழுந்து போனால் கோடு விழும். ஒரு சொட்டுத் தண்ணீர் தவறி விழுந்தால் காலிஃப்ளவர் மாதிரி பூத்துக்கொள்ளும். மேகத்துக்கு வெள்ளை வேண்டுமானால் காகிதத்தை அப்படியே விட்டுவிட வேண்டும், மேலே பூசக்கூடாது. மன்னி பிரஷை நனைத்து ஆகாயத்தில் இறக்குகிற அந்த நிமிஷத்தில்தான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் எல்லாமும் தொலையும். "ஏன்னா, ரெண்டு நிமிஷம் இருங்கோ, ஆகாசம் காய்ஞ்சுடும்" என்பாள். "ஆகாசம் எங்கே போறது? என் கண்ணாடி எங்கே?" என்பான் அண்ணா.

அப்படியும் தப்பித்து முடிந்த படங்கள் மேஜையில் காயும்போது செத்துப்போகும். ஓர் ஏரியின்மேல் சாத்தமுதுப் பாத்திரத்தை, அதாவது ரசத்தை, இறக்கி வைத்தார்கள். ஒரு சூரிய உதயத்தில் காஸ் புக் செய்கிற நம்பர் இருக்கிறது, அண்ணா கையெழுத்து. தென்னந்தோப்பு ஒன்றை மடித்து, நெல்லூரிலிருந்து வந்திருந்த அத்திம்பேர் விசிறிக்கொண்டிருந்தார். படம் கெட்டுவிட்டதே என்று மன்னி முகம் வாடினால், "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்னாளாம்" என்று அண்ணா ஒரு பழமொழி வேறு சொல்லுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மன்னி இட்லித் தட்டை அலம்பிக்கொண்டிருப்பாள்.

போன ஐப்பசியில் சித்தூரில் சட்டம் போடும் கடை வைத்திருக்கும் சிட்டிபாபு, பொழுதுபோக்காக வரைகிறவர்களுக்கென்று ஒரு கண்காட்சி வைத்தார். ஆளுக்கு ஒரு படம். நான்தான் மன்னியின் பெயரைக் கொடுத்தேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்துக்குக்கூட அப்படிச் சிவந்திருக்க மாட்டாள். அப்புறம் சட்டென்று குரல் இறங்கிவிட்டது. "மாதவி, முழுசா ஒண்ணு வேணுமே. ஆரம்பிச்சதுலேர்ந்து காயற வரைக்கும் யார் கையும் படாத படம் ஒண்ணு. இந்த ஆத்துல அதுக்கு எங்கே போவேன்?"

வியாழக்கிழமை நான் லீவில் போனபோது மன்னி மேஜையில் மலையை இறக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் அதே மலை, மழை விட்டு, வெள்ளைப் புகைபோல் மஞ்சு ஏறும்போது. மலை பிரமாதம். மஞ்சுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. மலையின் விளிம்பு கத்தியால் வெட்டினதுபோல் நின்றது. "இது இப்படித்தான் இருக்கட்டும். காயவெச்சா போறும்" என்றாள். அடைமழைக் காலம். ஃபேனுக்கு அடியில் வைத்தாலும் காயாது, மேஜையில் வைத்தால் இருக்காது. கூடத்தில் வேறு மூன்று விருந்தாளிகள்.

மன்னி நின்று யோசித்தாள். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தாள். "இந்த ஆத்துல யாரும் தொடாத இடம் ஒண்ணு இருக்கே!"

மடிக்கொடி. பின்னறையில் கூரையை ஒட்டி ஒரு கம்பி. அண்ணா குளித்துவிட்டுத் தன் பஞ்சகச்ச வேஷ்டியை நனைத்து அதில் கோலால் ஏற்றி உலர்த்துவான். மறுநாள் குளித்துவிட்டுக் கோலாலேயே இறக்கிக் கட்டிக்கொள்கிறவரை யார் கையும் அதில் படக்கூடாது, பட்டால் மடி போச்சு, ஆசாரம் போச்சு. விருந்தாளியாவது, குழந்தையாவது, அந்த அறைப்பக்கமே எட்டிப்பார்க்க மாட்டார்கள். மன்னி படத்தில் இரண்டு கிளிப்பை மாட்டி, கோலால் தூக்கி, வேஷ்டிக்கு எட்டாத கோடியில், வெகு ஜாக்கிரதையாகத் தொங்கவிட்டாள். "நானும் குளிச்சாச்சு, காகிதத்துல சாதம் படலை, எச்சல் பத்தும் இல்லை" என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அண்ணா வழக்கம்போல் பாசுரத்தை முணுமுணுத்துக்கொண்டே, அரைக்கண் மூடியபடி, வேஷ்டியை இறக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினான். சேவிக்கலாமென்று நானும் அந்த இருட்டில் பின்னாலேயே போனேன். பாசுரம் சொல்கிற கோஷ்டியில் உட்கார்ந்திருந்தவரை ஒன்றுமில்லை. சேவித்து முடிந்து, சடாரி வாங்கிக்கொள்ள எழுந்து குனிந்தான். அப்போதுதான் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்.

அண்ணாவின் பின்புறம் முழுக்க மலை. நீலமும் பச்சையுமாக, சிகரம் சிகரமாக, இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் மலை. குனிந்ததில் இரண்டு சிகரம் நன்றாகவே புடைத்துக்கொண்டு தெரிந்தன.

கோஷ்டியில் மூத்தவர் ரங்கன் ஸ்வாமி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "சாரங்கபாணி, மலைக்கு நாம போறதுதான் வழக்கம். உனக்குப் பின்னாடி மலையே வந்துண்டிருக்கே!" என்றார். சிரிப்பு பிரகாரம் வரைக்கும் போயிற்று. அண்ணா தடவிப் பார்த்தான், திரும்பிப் பார்த்தான், முகம் சிவந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி அங்கவஸ்திரத்தைப் பின்னால் பிடித்துப் பார்த்தான். போதவில்லை. வேறு வழியில்லாமல் கோஷ்டிக்குப் பின்புறம் தெரியாதபடி அடிமேல் அடி வைத்துப் பின்னோக்கியே நடந்தான். கோபுர வாசல் தாண்டியும் திரும்பவில்லை. சேவைக்கு வந்திருந்த ஒரு மாமி, "பெருமாளுக்கு முதுகைக் காட்ட மாட்டேங்கறாரே, என்ன பக்தி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பக்தி பறந்தது. "பூமா! இனிமே இந்த ஆத்துல பிரஷ்ஷும் கிடையாது, கலரும் கிடையாது! நாலு பேருக்கு நடுவுல என் மானம் போச்சு!" விருந்தாளிகள் மூவரும் காபி டம்ளரோடு கூடத்தில் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

 மன்னி நேரே பின்னறைக்கு ஓடினாள். படம் கொடியில்தான் இருந்தது. ஆனால் மலை இல்லை. நீலமாக ஒரு சாயல் மட்டும் மிச்சம், பாலில் தண்ணீர் விட்ட மாதிரி. மறுநாள் படத்தைக் கொடுத்தாக வேண்டும். மன்னி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

"ஒண்ணு, ஒரே ஒண்ணு, யாரும் தொடாம விட மாட்டேளா?" என்றாள்.

"நான் எங்கேடீ தொட்டேன்?" என்று அண்ணா கத்தினான். "நேத்து சாயங்காலம் பார்த்தேன், வேஷ்டி ஈரமாவே இருந்தது. ஃபேனுக்கு நேரா இருக்கட்டும்னு கோலால அந்தக் கோடிக்குத் தள்ளினேன். ஏதோ காகிதம் தொங்கித்து, அதையும் சேர்த்து அழுத்தித் தள்ளினேன். கையாலயா தொட்டேன்? கோலாலன்னா தள்ளினேன்!"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள்.  ஸ்ரீப்ரியா வாசற்படியில் நின்றுகொண்டு, "அப்பா, பேசாம இருங்கோப்பா" என்றாள். அண்ணாவுக்கு அப்போதுதான் தான் சொன்னது உறைத்தது. கதவுப் பக்கம் திரும்பினான்.

"நில்லுங்கோ!" என்றாள் மன்னி.

நின்றான். மன்னி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தரையிலிருந்தே அவன் பின்புறத்தை உற்றுப்பார்த்தாள். எழுந்து கிட்டே வந்து பார்த்தாள். "மாதவி, மஞ்சைப் பாரேன்" என்றாள். ஈர வேஷ்டி கலரை உறிஞ்சினதில் மலையின் கூர்விளிம்பு கரைந்து, அடிவாரத்தில் வெள்ளை வெள்ளையாக மஞ்சு தானாக ஏறியிருந்தது. காகிதத்தில் அவளுக்கு எத்தனை நாளாக வராதது, அண்ணாவின் இடுப்புக்குக் கீழே அச்சாக வந்திருந்தது.

"உட்காரப்படாது. சாயப்படாது. போய் வேற வேஷ்டி கட்டிண்டு இதை என்கிட்டே குடுங்கோ."

"மடி வேஷ்டிடீ!"

"மானம் போச்சுன்னு இப்போதானே கத்தினேள்? இனிமே கட்டிக்கப் போறேளா?"

அண்ணா ரங்கன் ஸ்வாமியை நினைத்திருப்பான் போலிருக்கிறது. வேஷ்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். மன்னி கத்தரிக்கோலை எடுத்து மலையை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்தாள். கர் கர்ரென்று துணி கிழிகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் அண்ணா கண்ணை மூடித் திறந்தான்.

சனிக்கிழமை நான் அதைச் சித்தூருக்குக் கொண்டுபோனேன். சிட்டிபாபு பிரித்துப் பார்த்து, "இன்னா மேடம், பேப்பர்னு சொல்லிட்டு துணி எத்துக்கினு வந்துக்கிறீங்க?" என்றார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "சால பாகுந்தி, ரொம்ப நல்லாக்கீது மேடம். ஆனா கண்ணாடி வெட்ட டைம் லேது. சட்டம் மட்டும் அடிச்சுத் தர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை மன்னியோடு அண்ணாவும் பஸ்ஸிலிருந்து இறங்கினான். நீ எதற்கு வந்தாய் என்று கேட்டேன். "என் வேஷ்டியை ஊரே பார்க்கப்போறது. யார் யார் பார்க்கறான்னு நான் பார்க்க வேண்டாமா?" என்றான். அங்கே பாதிப் படங்கள் மாம்பழம். சித்தூர்க்காரர்கள் வேறு எதை வரைவார்கள்? மாம்பழங்களுக்கு நடுவில் எங்கள் மலை, கண்ணாடி இல்லாமல், மஞ்சோடு தனியாகத் தெரிந்தது. மன்னி கூச்சப்பட்டுக்கொண்டு என்னை இழுத்துப்போய்க் கதவோரமாக நின்றாள். அண்ணா படத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் அவள் வரைந்த படம் ஒன்றை நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒரு பெரிய மனுஷர் பஜ்ஜி தின்றுகொண்டே வந்தார். காகிதமா துணியா என்று அவருக்குச் சந்தேகம். பார்த்தார், எண்ணெய் விரலை நீட்டினார். மன்னி "ஐயோ" என்றாள்.

"முட்டுகோகண்டி!"

தொடாதீர்கள் என்று தெலுங்கில் போட்ட அந்த அதட்டலுக்கு ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கோஷ்டியில் சேவிக்கிற குரல் அது, சாமானியமா? பஜ்ஜிக்காரர் விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "ஏன் சார், எதனா சாமி படமா?" என்று கேட்டார்.

அண்ணா படத்துக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டான். "சாமி இல்லை. என் ஆத்துக்காரி வரைஞ்சது. மடி. யாரும் தொடப்படாது."

மன்னி என் கையை வலிக்கிறாற்போல் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது, முகமெல்லாம் சிரிப்பு. "கேட்டியா, மாதவி? தொடப்படாதாம்!" என்றாள்.