வெந்துபோன சீர் மெத்தை

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அப்பா மெத்தைக்கு ஃபோம் ஊற்றி விற்றுவந்தார். சங்கரன்கோவிலில் அப்போது ஃபோம் மெத்தை பணக்காரச் சரக்கு, மற்றவர்களுக்கு இலவம்பஞ்சுதான். இரண்டு திரவங்கள் டின்களில் வரும். ஒன்றில் தண்ணீரும் சில மருந்துகளும் கலந்து, கடைசியாக மற்றதை ஊற்றி மளமளவென்று கலக்கி, மரப்பெட்டியில் கவிழ்க்க வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இட்லி மாவு போலப் பொங்கி நிற்கும். வெளியே வெதுவெதுப்பாக இருக்கும், நடுவில் கொதிக்கும். ராத்திரி முழுக்கக் காற்றில் ஆறவிட்டு, மறுநாள்தான் அறுப்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கரிவலம்வந்தநல்லூரில் மாப்பிள்ளை நிச்சயமானது. சீர் மெத்தையைத் தன் கையாலேயே ஊற்ற அப்பாவுக்கு ஆசை. நன்றாகப் பொங்கட்டுமென்று தண்ணீரைக் கொஞ்சம் கூட்டினார். தண்ணீர் கூடினால் சூடும் கூடும். அது தெரிந்த மனுஷன்தான், மகள் கல்யாணம் என்றால் கை தாராளமாகிவிடுகிறது. ஊற்றி முடித்துவிட்டு, பத்திரிகை வைக்க வாசுதேவநல்லூருக்குப் போனார்.

வீட்டுக்கு வந்திருந்த சொந்தபந்தமெல்லாம் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தது. கண் பட்டுவிடுமென்று அப்பாவுடன் பிறந்த அத்தைக்குப் பயம். எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், இருந்த ஜமுக்காளங்களையெல்லாம் கொண்டுவந்து அந்த ஃபோம் கட்டியை நன்றாகப் போர்த்திக் கயிற்றால் கட்டிவிட்டாள். உச்சியில் எலுமிச்சம்பழம் வேறு.

விடியும்போது நாற்றம் வீட்டுக்குள் வந்தது. முதல் பஸ்ஸில் வந்திறங்கிய அப்பா, ஜமுக்காளங்களைப் பிரித்து ரம்பத்தால் அறுத்தார். சூடு வெளியேற வழியில்லாமல் நடுவெல்லாம் கருகியிருந்தது, காற்றுப் பட்டதும் பற்றிக்கொண்டது. வெளியே இழுத்துப் போட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். மெத்தை போனதில் எனக்கு வருத்தமில்லை. சீர் எரிந்ததை அபசகுனமென்று சொல்லிக் கல்யாணத்தை நிறுத்திவிடுவார்களோ என்றுதான் பயந்தேன்.

சேதி பஸ் ஏறிப் போய்விட்டது. மத்தியானம் மாப்பிள்ளையின் அம்மா வந்தாள். நேரே போய், கருகிய நடுப்பகுதிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். அத்தை கதவோரம் ஒடுங்கி நின்றாள். தப்பு தன்னுடையதுதான் என்றார் அப்பா. ஜமுக்காளத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக் கட்டில்ல போட்ட பெறவு எரிஞ்சிருந்தா ரெண்டு பேரும்லா போயிருப்பாவ. உங்க ஊரு கோமதியம்மன் இங்கனயே காட்டிக் குடுத்துட்டா. ஒரு பாய் குடுங்க, போதும்."

எனக்கு அவள் மேல் அப்போதே பிரியம் வந்துவிட்டது.

குறித்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. என்னை மாப்பிள்ளை வீட்டில் கொண்டுவிடக் கிளம்பியபோது, ஊருக்கெல்லாம் மெத்தை விற்ற அப்பா, ஒரு பத்தமடைப் பாயைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.