பழைய ரிவால்வரும் பெரிய தோட்டாவும்

செருப்புக் கடையில் அளவு தவறினால் வாடிக்கையாளரின் கால் கடிக்கும். துப்பாக்கிக் கடையில் அளவு தவறினால் அவர் கையே போய்விடும். எண்பதுகளின் பிற்பகுதியில், ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், அம்பத்தூரில் என் தம்பி நடத்திய துப்பாக்கிக் கடையில் சில ஆண்டுகள் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தேன். "இது உங்களுக்கு ஆகாது" என்று வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கிய அன்பர்களே, என் துன்பம் உங்களுக்குத்தான் புரியும்.

நுழைந்தால் போதுமாம்

பாரிவாக்கத்தில் செங்கல் சூளை வைத்திருந்த கஜேந்திரன், தம் தந்தையார் விட்டுச்சென்ற ரிவால்வரைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். சனிக்கிழமைதோறும் சூளையாள்களின் கூலியுடன் ஆளரவமற்ற சாலையில் ஸ்கூட்டரில் போகவேண்டியவர். அண்மையில் எவரோ பின்தொடர்ந்திருக்கிறார்கள். உயிருக்குத் துணையாக இதில் எந்தத் தோட்டா போடலாம் என்று கேட்டார். எடுத்துப் பார்த்தேன். தோட்டாக்கள் செருகும் உருளை, விழப்போகும் பல்லைப்போல் ஆடிற்று. குட்டையான, மருந்து குறைந்த தோட்டாவுக்கென அந்நாளில் செய்யப்பட்ட ஆயுதம் அது. இப்போது எளிதில் கிடைக்கும் தோட்டாவோ அதே பருமன்தான். ஆனால் நீளமும் அதிகம், மருந்தும் அதிகம். "ஆட்டத்தைச் சரிசெய்து, குட்டைத் தோட்டா மட்டும் போடுங்கள். பெரியதைப் போட்டால் உருளை பிளந்து விரல்கள் போய்விடும்" என்றேன்.

உடன் வந்திருந்த ஏகாம்பரம், கஜேந்திரனுடைய மனைவியின் அண்ணன். மாதிரிக்கு வைத்திருந்த மருந்தில்லாத பெரிய தோட்டாவை எடுத்து உருளைக்குள் விட்டார். நுழைந்துவிட்டது. ஏற முடிகிறது என்பதற்காகத் திருநின்றவூர்க்காரர் வேறு திசையில் போகும் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினால் வீடு போய்ச் சேருவாரா என்று கேட்டேன். அவர் என்னைப் பாராமலே சொன்னார்: "உள்ள பூந்து சொம்மா கும்முனு குந்திகினு கீது மாப்ள, அப்பறம் இன்னாத்துக்கு சார் வேணாங்கறாரு?"

பூசைக்கு வைத்த தோட்டா

பட்டறையில் கொடுத்து ஆட்டத்தை நிறுத்தினோம். இரும்பின் வயதைக் குறைக்க முடியவில்லை. குட்டைத் தோட்டாக்களையும் அரும்பாடுபட்டுத் தருவித்துக் கொடுத்தோம். ஆயுத பூசை முடிந்ததும் கஜேந்திரன், இனி வெடிக்குமா என்ற ஐயத்துடன், அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தார். அவர் மனைவி ஒவ்வொன்றையும் புளி போட்டுத் துலக்கி, நல்லெண்ணெய் தடவி, சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தார்.

எண்ணெய் உள்ளே இறங்கியிருந்தால் மருந்து நமத்துவிடும், ஆபத்து நேரத்தில் 'டிக்' என்னும் ஒலி மட்டுமே வரும் என்று விளக்கி, வேறு தருவிக்கிறேன் என்றேன். அவருடன் வந்து வெளியே ஸ்கூட்டரருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மையார் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "சாமி முன்னாடி வெக்கறத வௌக்காமலா வெப்பாங்க? நல்லா கீதே உங்க நாயம்!"

பீரங்கி நிபுணர்

ஏகாம்பரத்தின் துணிவுக்குக் காரணம் உண்டு. பீரங்கி வண்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர் பணியாற்றினார். உணவுக்கூடத்தில் காப்பி வார்ப்பது அவர் பொறுப்பு. புதிய குட்டைத் தோட்டாக்கள் வரத் தாமதமாகவே, அவர் கஜேந்திரனை வேறொரு கடைக்கு இழுத்துச் சென்று, உரிமத்தைக் காட்டச் சொல்லிப் பெரிய தோட்டாக்களையே வாங்கவைத்தார். வரும் சனிக்கிழமை அவற்றைப் போட்டுக்கொண்டுதான் பயணம் என்று அறிவிக்க இருவரும் வந்தார்கள்.

கஜேந்திரன் முகத்தில் அச்சம் தெரிந்தது. ஆயினும் மனைவியின் அண்ணனை எதிர்த்துப் பேசும் துணிவு அவருக்கு இல்லை. நான் மீண்டும் எச்சரித்தேன். ஏகாம்பரம் சிரித்தார்: "எங்க டாங்கில ஆளு ஒசரத்துக்கு குண்டு போடறாங்க சார், ஒண்ணும் ஆவல. இது சுண்டு வெரலு சைசுதான?"

கயிற்றின் குற்றம்

கையில் வெடிப்பதைவிடக் கட்டையில் வெடிக்கட்டும் என்று முடிவுசெய்து, சனிக்கிழமைக்குள் அவர்களைப் பட்டறைக்கு அழைத்துப் போனேன். அங்கே மணல் மூட்டைகள் அடுக்கிய சோதனைக் குழி உண்டு. ரிவால்வரை ஒரு கட்டையில் இறுகப் பிணைத்து, விசையில் கயிறு கட்டிச் சுவருக்குப் பின்னாலிருந்து இழுப்பார்கள். அன்று காலை வந்திருந்த குட்டைத் தோட்டாவை முதலில் போட்டோம். அது ஒழுங்காகச் சென்று மணலில் புதைந்தது. "தீவாளிக்கு எம் பொண்ணு வெடிக்கற சத்தங்கூட இல்லியே" என்று உதட்டைப் பிதுக்கினார் ஏகாம்பரம்.

அடுத்தது பெரியது. கயிற்றைக் கஜேந்திரனே இழுத்தார். இம்முறை சத்தத்தில் எவருக்கும் குறையில்லை. புகை அடங்கியபின் போய்ப் பார்த்தால், உருளையின் மேற்பாதியைக் காணோம். அதன் துண்டு ஒன்று கட்டையில், கைப்பிடிக்குச் சற்றுமேலே, ஆழமாகச் செருகியிருந்தது. கஜேந்திரன் தம் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களை மடக்கினார், விரித்தார். இனிச் சூளை மேஸ்திரியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பேருந்திலேயே போவதாக மெல்லச் சொன்னார். ஏகாம்பரம் உடைந்த ரிவால்வரை நெடுநேரம் ஆராய்ந்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: "கையில புடிச்சி சுட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது மாப்ள, கயித்த கட்டி இஸ்ததாலதான் பூட்ச்சி."

பழைய ரிவால்வருக்கு ஏற்ற தோட்டாவைப் பொறுமையாகத் தேடினால் கிடைத்துவிடும்; மச்சானை மட்டும் அவ்வாறு தேர்ந்தெடுத்துக்கொள்ள எந்தக் கடையிலும் வழியில்லை.