பாலத்து நெரிசலில் கேட்ட கேள்வி

சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய எங்கள் தெப்ராவில், குழந்தைகள் காப்பகத்திலிருந்து மகளை அழைத்துவந்து காரில் உட்கார வைத்துக்கொண்டிருந்தபோது, என்னோடு வேலை பார்த்த ரஞ்சனி அக்காவின் தங்கை அழைத்தார். "அக்கா தவறிட்டாங்கம்மா. காலைல மயங்கி விழுந்தாங்க. ஹார்ட்டுனு சொல்றாங்க." மகளுக்கு இருக்கை வாரை மாட்டிவிட்டேன். மாட்டினேனா என்று வழியில் வண்டியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பயம் எனக்கு அப்படித்தான் வெளியே வரும்.

அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்காகவும் அவர் குரலைத் தொலைபேசியில் மட்டும் கேட்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தனியார் கல்லூரிகளில் படித்து முடித்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று விசாரித்து, கல்லூரிகளைக் கண்காணிக்கும் குழுவிடம் சொல்வது எங்கள் ஆய்வுப் பிரிவின் வேலை. கல்லூரிகளைக் கேட்டால் எல்லோரும் 'வேலையில் இருக்கிறார்கள்'. அக்காவுக்கு அந்தப் பதில் போதவில்லை. "பாத்த வேலைக்கு அந்தப் படிப்பு தேவைப்பட்டுச்சா? அத மட்டும் கேளு," என்பார்.

கேட்பதற்கு முதலில் ஆள் கிடைக்க வேண்டுமே. பாதிப் பேருக்கு எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் வேலை. வேலை நேரத்தில் போன் எடுக்க முடியாது. வீட்டுக்கு வந்தால் தூங்கிவிடுவார்கள். வீடு திரும்பும் வழியில் எல்லைப் பாலத்தில் பேருந்து நகராமல் நிற்கும்போதுதான் பேசுவார்கள் என்பதை அக்காதான் கண்டுபிடித்தார். மாலையில் பாலத்து நிலவரம் பார்த்துவிட்டு, "ஜேம் நல்லா இருக்கு, வா ஆரம்பிக்கலாம்," என்பார். ஊரே திட்டும் நெரிசலில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

"அக்கா, உங்க போன் வந்தாலே இன்னிக்கு வீட்டுக்கு லேட்டுனு தெரிஞ்சிரும் லா," என்று பேருந்திலிருந்து ஒருவன் கிண்டல் செய்தான்.

"அப்போ இன்னும் ரெண்டு கேள்வி கேக்கலாம்," என்றார் அக்கா.

பவித்ரா என்ற பெண் ஹோட்டல் நிர்வாகத்தில் டிப்ளோமா முடித்துவிட்டுக் கிடங்கில் பார்சல் பிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா அதே கேள்வியை அவளிடமும் கேட்டார். "சேர்றதுக்கு முன்னாடி யாராவது சொல்லிருக்கலாம்கா," என்றாள். அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் அக்கா குழுவுக்காக ஒரு விதியை எழுதினார். ஒரு படிப்பை முடித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் படிப்புக்கேற்ற வேலை கிடைத்தது என்பதை, சேர வருகிறவர்களிடம் கல்லூரி முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

குழுக் கூட்டத்துக்கு நானும் கூடப் போயிருந்தேன். ஆய்வைப் புரட்டிய உறுப்பினர் ஒருவருடைய கண் சம்பள விவரத்தில் நின்றது. "சிங்கப்பூர் காசுல சம்பளம் வாங்குறாங்களே, அப்புறம் என்ன குறை?" என்று மலாயில் கேட்டார். அக்காவும் மலாயிலேயே பதில் சொன்னார்: "அந்தச் சம்பளத்தக் குடுத்தது பாலம். காலேஜ் இல்ல." எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்து, இன்னும் தரவு வேண்டும் என்று விதியை ஒத்திவைத்தார்கள்.

அடுத்து நடந்ததைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. சில மாதம் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குப் போகும் வழியில், நெடுஞ்சாலை ஓரத்தில் பவித்ரா படித்த கல்லூரியின் பெரிய விளம்பரப் பலகை. 'எங்கள் மாணவர்கள் சிங்கப்பூரில் சம்பாதிக்கிறார்கள், ஆய்வே சொல்கிறது' என்று போட்டிருந்தார்கள். அது அக்காவின் ஆய்வு.

"அலமாக், போச்சு," என்றார், மெதுவாக. "என் சாட்சிய வச்சே கேஸ ஜெயிச்சுட்டானுங்க பாரு." அன்று அவர் சாப்பிடவில்லை. சோற்றைக் கட்டித் தரச் சொல்லி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மறுபடி விசாரிக்கத் தொடங்கினார். சம்பளத்தையும் படிப்பையும் யாரும் சேர்த்துக் குழப்ப முடியாதபடி எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எழுதியும் முடித்தார். அடுத்த கூட்டம் வருவதற்குள் அவர் தவறிவிட்டார்.

அவர் இடத்தில் நான் போனேன். ஒப்பந்த வேலையில் இருப்பவள். மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறாள். பிள்ளை பெரியவளாகிப் படிக்கப் போகும்போது எந்தப் பலகையை நம்பிச் சேருவாள் என்ற நினைப்பில்தான் கடைசிப் பக்கம்வரை படித்தேன். குழுவினர் அக்காவுக்காக எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினார்கள். உட்கார்ந்ததும் விதியை மறுபடி ஒத்திவைத்தார்கள்.

அக்காவின் மேசையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவருடைய தொலைபேசி இணைப்பை மட்டும் எனக்கு மாற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். போன வாரம் அதில் பவித்ரா அழைத்தாள். அக்கா இல்லை என்று நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதாள்.

"ஒரு ரூல் வரும்னு சொன்னாங்களே, வந்துருச்சாக்கா?"

"இன்னும் இல்லம்மா."

"தங்கச்சி அதே காலேஜ்ல சேந்துட்டா. சிங்கப்பூர் வேலைனு போர்டுல போட்ருக்காம். நான் எவ்வளவோ சொல்லிட்டேன். ஆய்வே சொல்லுது, உனக்கென்ன தெரியும்னு கேக்குறா."

"என்ன கோர்ஸ்?"

"நான் படிச்சதுதான்."

தங்கையின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். அவள் படித்து முடித்ததும் கூப்பிட்டு அக்காவின் கேள்வியைக் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் அவளுக்காகச் செய்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.