சாம்பிள் விண்ணப்பம்

மூன்றாவது பிளாக் ஃபோர்மேன் வீட்டு அண்ணன் எழுதிய பொய்யான விண்ணப்பம்தான் எங்களுக்கெல்லாம் மாதிரியாக வந்தது. அதைப் பார்த்து எழுதிய பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நாங்கள் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா டர்னர், லேத்தில் இரும்பு கடைகிற வேலை. அவர்கள் வேலை செய்கிற ஷாப்பில் ஒரு வழக்கம். புதிதாக ஒரு உருப்படி செய்யும்போது முதலில் ஒன்றே ஒன்றைக் கடைந்து ஃபோர்மேனிடம் காட்டுவார்கள். அவர் அளந்து பார்த்துச் சரி என்றால் அதுதான் சாம்பிள். அப்புறம் நூறு செய்தாலும் அச்சாக அதே மாதிரி. யாரும் சொந்தமாக யோசிக்கக் கூடாது. இந்தப் புத்தியை எங்கள் அப்பாக்கள் தொழிற்சாலை கேட்டோடு விட்டுவிட்டு வரவில்லை, வீட்டுக்கும் கொண்டுவந்தார்கள்.

எண்பதுகளின் கடைசியில் ஃபோர்மேன் மகனுக்கு நகரத்தில் ஒரு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர்தான். அவர் எழுதிய விண்ணப்பத்தை ஃபோர்மேன் ஜெராக்ஸ் எடுத்துவைத்தார். பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற வீடு எதுவோ, அந்த வீட்டுக்கு அது வரும். முதல் விருப்பம் இயற்பியல், இரண்டாவது கணிதம், மூன்றாவது வேதியியல். மறு வருடம் நான்கு வீட்டில் அதைப் பார்த்து எழுதினார்கள். ஒரு அப்பா, ‘பொழுதுபோக்கு: செஸ்’ என்பதைக்கூட விடாமல் எழுதினார். அவர் மகனுக்குக் குதிரை எப்படி நகரும் என்றே தெரியாது.

நான்கு பேருக்கும் இடம் கிடைக்கவில்லை. யாரும் சாம்பிளைச் சந்தேகப்படவில்லை. பிள்ளைகளைத்தான் திட்டினார்கள்.

அதற்கு அடுத்த வருடம் நானும் பக்கத்து வீட்டுச் சிநேகிதியும். இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். இயற்பியலில் சுமார்தான். “ஒரு ஃபாரம்தான். கெடைச்சா படி, இல்லேன்னா டைப்ரைட்டிங் போ” என்று அப்பா சொல்லிவிட்டார்.

இருவரும் மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், பஸ் பிடித்து விண்ணப்பம் வாங்கப் போனோம். வரிசை வாசல்வரை நின்றது. அவளை நிறுத்திவிட்டு நான் சுற்றினேன். எங்கே எது எழுதியிருந்தாலும் படித்துவிட வேண்டும் எனக்கு. அறிவிப்புப் பலகைகளில் வகுப்பு வாரியாகப் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். அண்ணன் பெயரைப் பார்க்கலாமே என்று இரண்டாம் ஆண்டு இயற்பியலைத் தேடினேன். இல்லை. மறுபடி மேலிருந்து கீழே படித்தேன். இல்லை. சரி, எங்கேதான் இருக்கிறார் என்று ஒவ்வொரு துறையாகப் பார்த்துக்கொண்டே போனேன். புவியியல் பட்டியலில் இருந்தார். அதே பெயர், அதே இரண்டு இனிஷியல்.

புவியியல் என்றால் கல்லூரியில் என்ன செய்வார்கள்? மாடியில்தான் அந்தத் துறை என்று கேட்டுக்கொண்டு ஏறினேன். ஒரு பெரிய அறை, நீள மேசைகள், சுவர் முழுக்க வரைபடம். உதவியாளர் ஒருவர் மட்டும் இருந்தார்.

“யாரு வேணும்மா?”

“யாரும் வேணாம், சும்மா பாக்கறேன்.”

“சும்மா பாக்க இங்க இன்னா கீது? காயிதந்தான் கீது.”

ஆவடி இருக்கிற காகிதம் உண்டா என்று கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே ஒரு இழுப்பறையைத் திறந்து எடுத்துப் போட்டார். பாடி என்கிற ஊர் இருந்தது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி எல்லாம் நீலமாக இருந்தன. ரயில் பாதையை விரலால் தொடர்ந்து வந்தேன். எங்கள் குவார்ட்டர்ஸ் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஒரு கோடுகூட இல்லை.

“எங்க ஊடு இல்லியே?”

“மில்ட்ரி சமாச்சாரம். போட மாட்டானுங்க.”

பிறந்ததிலிருந்து நான் இருக்கிற இடம் காகிதத்தில் இல்லை. இன்னும் எதையெல்லாம் விட்டிருப்பார்கள்? எதை விடுவது என்று யார் முடிவு பண்ணுவது? அந்தக் கோணல் கோணலான பழுப்புக் கோடுகள் என்ன? பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடம் போய், ஒரு பாடத்தைப் பற்றி நானாகக் கேட்ட முதல் கேள்விகள் இவைதான்.

கீழே கவுண்ட்டரில், எந்த விருப்பத்தை முதலில் பார்ப்பார்கள் என்று கேட்டேன். “மொதல்ல போட்டதத்தான். அதுல எடம் இல்லேன்னா, மத்த டிபார்ட்மென்ட்ல மிச்சம் இருந்தா பாப்போம். எங்க மிச்சம் இருக்குது?” என்றார் எழுத்தர். இயற்பியலை முதலில் போட்ட அந்த நான்கு பேருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஆவடி ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் அண்ணனைப் பிடித்தேன்.

“அண்ணே, நீங்க பிசிக்ஸா?”

“ஆமா. இன்னாத்துக்குக் கேக்கற?”

“ஜாகிரபி லிஸ்ட்ல உங்க பேரு கீது.”

டம்ளரைக் கீழே வைத்தார். “மெதுவா பேசு தாயே. நைனா பிசிக்ஸ் பிசிக்ஸுன்னு உயிர எடுத்தாரு. என் மார்க்குக்கு எவன் குடுப்பான்? ரெண்டு ஃபாரம் வாங்கனேன். அவருக்குக் காட்ட ஒண்ணு, காலேஜுக்கு ஒண்ணு. அத ஜெராக்ஸ் போட்டு ஊரு பூரா குடுப்பாருன்னு நான் கண்டனா?”

“போன வருசம் நாலு பேரு அதப் பாத்து எழுதனாங்க.”

“இன்னும் ஒரே வருசம். டிகிரி கைக்கு வந்துட்டா அவரால ஒண்ணும் பண்ண முடியாது. நானே எல்லார்கிட்டயும் சொல்றேன். இப்ப நீ வாயத் தொறந்தா என் தோல உரிச்சுடுவாரு.”

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் சிநேகிதியிடம், “நீ ஜாகிரபி போடேன்டி” என்றேன்.

“லூசாடி நீ? சாம்பிள்ல இல்லாதத போட்டா எங்கப்பா வுட்ருவாரா? மேப்புல கலர் அடிக்கவா காலேஜு?”

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

எங்கள் வீட்டில் அப்பா சாம்பிளை ஒரு பக்கம், புது விண்ணப்பத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு பென்சிலால் எழுத ஆரம்பித்தார்.

“முதல்ல ஜாகிரபி போடுங்கப்பா.”

“சாம்பிள்ல எங்க இருக்கு?”

“என் மார்க் சாம்பிள்ல இருக்கா?”

நிமிர்ந்து பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். என் மதிப்பெண்ணைக் கேட்டார், பாடம் பாடமாக. மூன்றாவது பிளாக் பையனின் மதிப்பெண் என்ன என்றும் கேட்டார். எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது, எங்கள் வரிசையில் யாருக்கும் தெரியாது.

“மெட்டீரியல் என்னன்னே தெரியாம சாம்பிளப் பாத்துக் கடையறோமா இத்தனை நாளா?” என்றார். அழித்துவிட்டு, “அதுல என்னதான் சொல்லித் தருவாங்க?” என்றார். வரைபடத்தில் நம் வீடு இல்லை என்றேன். “நம்ம வீடு எப்படி இல்லாமப் போகும்?” என்று சாப்பிடும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். பேனாவால் புவியியல் என்று எழுதியது அவர் கைதான்.

எனக்கு இடம் கிடைத்தது. சாம்பிளைப் பார்த்து எழுதிய சிநேகிதிக்கு இல்லை. அவள் டைப்ரைட்டிங் போனாள். அப்புறம் மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. கல்யாணத்துக்குப் பிறகும் அதே வேலை.

அண்ணன் டிகிரி வாங்கினார். சொல்லவில்லை. அந்த ஜெராக்ஸ், எழுத்து மங்குகிறவரை இன்னும் இரண்டு வருடம் வீடு வீடாகப் போனது.

பழைய குவார்ட்டர்ஸ்காரர்கள் இப்போதும் அவ்வப்போது கூடுகிறோம், போன தடவை ஒரு கல்யாண மண்டபத்தில். அண்ணன் மேடை ஏறினார். “எங்க நைனா குடுத்த அந்த ஒரு ஃபாரத்தாலதான் நம்ம புள்ளைங்க காலேஜ் வாசல மிதிச்சுதுங்க” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதியும் தட்டினாள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது என் தப்பு. மறுநாளே அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முழுசாகக் கேட்டாள். பிறகு, “நீ பயந்த, சின்னப் பொண்ணு. டிகிரி வாங்கனப்புறம் அந்த அண்ணன் எதுக்குடி சொல்லல?” என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருக்கிறது. அண்ணே, உங்கள் அப்பா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. தோலை உரிக்க இப்போது ஆள் இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு அவளை அழைத்துவந்து முதல் வரிசையில் உட்காரவைக்கிறேன். மேடை ஏறி, மைக்கில், எல்லோரும் கேட்க அவளுக்குப் பதில் சொல்லுங்கள்: ஏன் சொல்லவில்லை?